சீஷனாக வாழ்வது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்பு, அதாவது குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்தபின் தங்கள் வாயாலேயே விசுவாசத்தை அறிக்கையிட ஆயத்தப்படுத்தும் வகுப்பு, எடுக்கிறேன். வாலிபர் கூட்டத்திலும் வீட்டு ஜெபக் கூட்டங்களிலும் பேசுவதுண்டு. கூட்டம் முடிந்து டீ கொடுக்கும் நேரத்தில்தான் ஆட்கள் மனதில் இருப்பதைக் கேட்பார்கள். கேட்கிறவர் மாறுவார், கேள்வி மாறாது. அப்படி அடிக்கடி வந்தவற்றை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் போதகர் இல்லை, சபையில் ஒருவன். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்ததால் சொற்கள் அந்தப் பழக்கத்தில் இருக்கும். சபைக்குச் சபை கருத்து மாறும் இடங்களில் அதையும் சொல்லி, என் முடிவு என்ன என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

சீஷன்னா யாரு? கிறிஸ்தவன்னு சொன்னா போதாதா?

இரண்டும் ஒரே ஆட்கள்தான். அப்போஸ்தலர் நடபடிகள் 11ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அந்தியோகியாவில் இருந்த சீஷர்களுக்குத்தான் முதன்முதலில் கிறிஸ்தவர்கள் என்ற பேர் வந்தது. சாதாரணக் கிறிஸ்தவர் கீழே, சீஷர் அதற்கு மேலே என்று இரண்டு படிகள் வேதத்தில் எங்கும் இல்லை. அந்த எண்ணம் நம்மிடம் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்துச் சீஷன் குருவோடு நடந்தான், சாப்பிட்டான், அவர் கோபப்படுவதையும் ஜெபிப்பதையும் பக்கத்திலிருந்து பார்த்தான். டூவீலர் ஷெட்டில் வேலை பழகும் பையன் மாதிரி: பாதிக்கு மேல் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறான், கையில் கிரீஸ் படாமல் ஒன்றும் வராது. இயேசு சொன்னதும் “என்னைப் பின்பற்று” என்றுதான். லூக்கா 9:23இல் சிலுவையை “அனுதினமும்” எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ஒரு நாள் முடிவெடுத்துவிட்டு அதோடு ஓய்ந்துவிடும் காரியமாக அவர் இதைப் பேசவில்லை.

எனக்குக் குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆச்சு, திடப்படுத்தலும் எடுத்துட்டேன். இன்னும் என்ன பாக்கி?

திடப்படுத்தலில் நீங்கள் வாய்விட்டுச் சொன்ன வாக்குறுதிகளை ஒரு தரம் எடுத்து வாசியுங்கள். குழந்தையாக இருந்தபோது பெற்றோர் உங்களுக்காகச் சொன்னதை அன்று நீங்களே சொன்னீர்கள். அந்த வாக்குறுதி வியாழக்கிழமை மத்தியானம், வேலை நேரத்தில், உங்கள் கையில் எப்படி இருக்கிறது? பாக்கி என்று கேட்டால் அதுதான்.

குழந்தை ஞானஸ்நானம் செல்லாது, மூழ்கித்தான் எடுக்கவேண்டும் என்று பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் நண்பர்கள் சொல்வார்கள். அவர்களுக்கும் வேத ஆதாரம் உண்டு, நமக்கும் உண்டு. பல குடும்பங்களில் அண்ணன் ஒரு சபை, தம்பி ஒரு சபை என்று ஆன பிறகு இதையே பேசிப் பேசி முகம் பார்க்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன். “நீங்கள் ஒருவரிலொருவர் அன்புள்ளவர்களாயிருந்தால்” என்று யோவான் 13:35இல் இயேசு கொடுத்த அடையாளத்தை இழந்து தண்ணீரைப் பற்றிய விவாதத்தில் ஜெயித்து என்ன ஆகப்போகிறது?

வேலையை விட்டுட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தாதான் உண்மையான சீஷனா?

இல்லை. கன்வென்ஷன் கூட்டங்களில் ‘அர்ப்பணிப்பு’ என்றதும் பிள்ளைகள் பயந்து தலைகுனிவது இந்த எண்ணத்தால்தான். பேதுரு வலையை விட்டு வந்தார், சரி. ஆனால் மாற்கு 5இல் லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்தவன் “நானும் கூட வருகிறேன்” என்று கெஞ்சியபோது, வீட்டுக்குப் போய் உன் ஜனங்களிடம் சொல் என்று இயேசு அனுப்பிவிட்டார். வரி வசூலித்த சகேயு தன் ஊரான எரிகோவை விட்டுப் போனதாக எழுதவில்லை. பாதிச் சொத்தைக் கொடுத்து, ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தந்தான். ஏரோதின் காரியக்காரனான கூசாவின் மனைவி யோவன்னாள் தன் ஆஸ்தியால் இயேசுவுக்கும் சீஷருக்கும் ஊழியம் செய்தாள்.

முழுநேர ஊழியத்துக்கு அழைப்பு உள்ளவர்கள் போகட்டும். ஆனால் பரீட்சையில் தோற்றதாலோ வேலை கிடைக்காததாலோ போகிறவர்களை அவசரப்படுத்தி அனுப்பாதீர்கள். கருவூலத்தில் வேலை பார்க்கும் சீஷன் நமக்கு நிறையத் தேவை.

எனக்கு வீட்டு வேலையே சரியா இருக்கு. நான் எப்படி சீஷியா இருக்க முடியும்?

இதைக் கேட்கும் அக்காமாரிடம் நான் யோப்பா பட்டணத்துத் தபீத்தாளைக் காட்டுவேன். வேதத்தில் ‘சீஷி’ என்று பேர் சொல்லி அழைக்கப்பட்டவள் அவள். பிரசங்கம் பண்ணியதாக ஒரு வரி இல்லை. விதவைகளுக்கு அங்கியும் வஸ்திரமும் தைத்துக் கொடுத்தாள். அவள் செத்தபோது அந்த விதவைகள் துணிகளைக் கையில் வைத்துக் காட்டி அழுதார்கள்.

ஒன்று மட்டும் ஆண்களுக்குச் சொல்லவேண்டும். மார்த்தாளும் மரியாளும் வரும் பகுதியில் இயேசு மரியாளை அடுப்படிக்குத் திருப்பி அனுப்பவில்லை, தன் பாதத்தருகே உட்கார்ந்து கற்றுக்கொள்ள விட்டார். உங்கள் மனைவி வேதம் வாசிக்க அரைமணி நேரம் வேண்டுமென்றால், அந்த அரைமணி நேரம் பாத்திரம் கழுவுவது உங்கள் சீஷத்துவம்.

காலை 4 மணிக்கு எழுந்து ஜெபிக்கணும்னு சொல்றாங்க. என்னால முடியல.

மாற்கு 1:35இல் இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார். இன்னொரு இடத்தில் ராத்திரி முழுவதும் ஜெபித்தார். தானியேல் நாளுக்கு மூன்று வேளை ஜெபித்தார். ஆக, கடிகாரத்தில் ஒரு மணியை வேதம் குறித்துக் கொடுக்கவில்லை. நைட் டியூட்டி முடித்து எட்டு மணிக்கு வீடு வரும் நர்ஸுக்கு அதிகாலை ஜெபம் வார்டில்தான் நடக்கும்.

ஆனால் நேரமே குறிக்காமல் “மனசுக்குள்ள ஜெபிச்சுக்குவேன்” என்று விட்டால் நாளடைவில் அது நின்றுபோகிறது. பத்து நிமிஷமானாலும் நேரமும் இடமும் குறியுங்கள். சாயங்காலக் குடும்ப ஜெபம் நம் வீடுகளின் பழைய வழக்கம். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம் என்றாலே போதும். சீரியல் சத்தத்தில் அது பல வீடுகளில் காணாமல் போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

பைபிள் வாசிச்சா புரியல. லேவியராகமத்துல நின்னுடுறேன். எங்க ஆரம்பிக்கிறது?

மாற்கு சுவிசேஷத்தில். பதினாறு அதிகாரம்தான், சத்தமாக வாசித்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஒரே மூச்சில் ஒரு தரம் வாசியுங்கள். அப்புறம் மத்தேயு 5, 6, 7 அதிகாரங்களை ஒரு மாதம் முழுக்கத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். மலைப்பிரசங்கம் சீஷர்களுக்காகவே உட்கார்ந்து சொன்னது. “சீஷன் எப்படி நடக்கணும்” என்பதற்கு அதைவிட நேரான பதில் கிடையாது.

பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருந்தால் பக்கத்தில் எளிய மொழிபெயர்ப்பு ஒன்றை வைத்துக்கொள்வதில் தவறில்லை. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தமிழ் படித்துப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, சில ஆண்டுகளிலேயே அச்சிட்டதும் சாதாரண ஜனங்களுக்குப் புரியவேண்டும் என்றுதான்.

சபைக்குப் போகாம யூடியூப்ல ஆராதனை பார்த்தா போதாதா? நல்ல பிரசங்கம் அங்கதான் வருது.

படுக்கையில் இருப்பவர்களுக்கு அது பெரிய ஆசீர்வாதம். மற்றவர்களுக்குப் போதாது. யூடியூப்பில் உங்களை எரிச்சல்படுத்தும் ஆள் பக்கத்தில் உட்காரமாட்டார். மன்னிக்க, பொறுக்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, கடன் கேட்டு வந்தால் யோசிக்க, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். மேலே சொன்ன யோவான் 13:35ஐ தனியாக உட்கார்ந்து கீழ்ப்படிய வழியே இல்லை.

தசமபாகம் கிராஸ் சம்பளத்துலயா, கையில வர்ற சம்பளத்துலயா?

எனக்கு இந்த ஒரு கேள்வி மட்டும் வாட்ஸப்பில் வந்துகொண்டே இருக்கும். நேரடியாகச் சொல்கிறேன்: புதிய ஏற்பாட்டில் இதற்குக் கணக்கு இல்லை. மத்தேயு 23:23இல், வெந்தயத்திலும் சீரகத்திலும்கூட தசமபாகம் எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களை இயேசு கண்டிக்கிறார். கொடுப்பதை விடச் சொல்லவில்லை, விட்டுப்போனதைச் செய்யச் சொல்கிறார். பவுல் 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களில் வறுமையிலிருந்தும் கொடுத்த மக்கெதோனியரைக் காட்டி, அவனவன் மனதில் தீர்மானித்தபடி உற்சாகமாய்க் கொடுக்கச் சொல்கிறார். பத்தில் ஒன்று தொடங்குவதற்கு நல்ல அளவு. சம்பளம் லட்சத்தில் வருகிறவர் பத்திலேயே நின்றுவிட்டால் அவர் கொடுக்கவே ஆரம்பிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். வட்டிக்கடனில் மூழ்கியிருக்கும் குடும்பத்தை “பத்தைக் கொடு, நூறாகத் திரும்பும்” என்று மேடையிலிருந்து நெருக்குவது கொடுமை. அப்படிக் கேட்டால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பிடி அரிசிக் காணிக்கை உண்டு. உலை வைக்க அரிசி எடுக்கும்போதே ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு, சேர்ந்ததைச் சபைக்குக் கொண்டுவருவார்கள். கையில் காசு புழங்காத பெண்கள் கொடுத்த காணிக்கை அது. வெள்ளாளன்விளையில் பிறந்து, பிற்பாடு தோர்ணக்கல் பேராயரான அசரியாவும் மற்றவர்களும் 1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பியபோது நம்பியது இப்படிப்பட்ட ஏழைச் சபைகளின் காணிக்கையைத்தான்.

காணிக்கைக் கவரைப் பற்றிக் கேட்கும் நாம் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளலாம்: நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்குச் சம்பளம் சரியான தேதியில் போகிறதா? அறுவடை செய்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது.

லஞ்சம் கொடுக்காம பட்டா மாத்த முடியல. கொடுக்கிறது பாவமா, வாங்கறது மட்டும்தான் பாவமா?

வாங்குவதில் சந்தேகமே வேண்டாம். வரி வசூலிக்கும் ஆயக்காரர் “நாங்கள் என்ன செய்யவேண்டும்” என்று கேட்டபோது யோவான்ஸ்நானன் வேலையை விடச் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாக ஒன்றும் வாங்காதே என்றார் (லூக்கா 3:13). அரசு அலுவலகத்தில் இருக்கும் சபையார் இந்த ஒரு வசனத்தை மேஜையில் ஒட்டி வைக்கலாம்.

கொடுப்பதில் இரண்டு வகை. நம் முறை வருமுன் காரியம் நடக்க, அல்லது இல்லாத உரிமையைப் பெறக் கொடுப்பது அடுத்தவனுடையதைத் திருடுவது. நமக்கு உரியதையே பிடித்து வைத்துக்கொண்டு கழுத்தை நெரிக்கிறார்கள் என்றால் அங்கே முதல் குற்றவாளி நீங்கள் இல்லை. ஆனாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் விலக்கு உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் “என் மனு எந்த மேஜையில் நிற்கிறது” என்று எழுதிக் கேளுங்கள். தாமதம் ஆகும், அலைச்சல் இருக்கும். சிலுவை சுமப்பது என்று நான் சொல்லத் துணிவது இப்படிப்பட்ட அலைச்சலைத்தான்.

மருந்து சாப்பிடுறது விசுவாசக் குறைவா?

இல்லவே இல்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் வைத்தியம் சொல்கிறார். தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டு வந்ததாக எழுதுகிறார். லூக்காவைப் ‘பிரியமான வைத்தியன்’ என்கிறார். 1900இல் ஐடா ஸ்கடர் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பணியும் இயேசுவைப் பின்பற்றியதால் வந்ததுதான். சர்க்கரை, பிரஷர், மனச்சோர்வு எதுவானாலும் ஜெபியுங்கள், மாத்திரையையும் போடுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஊழியக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

அப்பா அம்மாவை வெறுக்கணும்னு இயேசுவே சொல்லியிருக்காரே?

லூக்கா 14:26ஐச் சொல்கிறீர்கள். அதே போதனை மத்தேயு 10:37இல், தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல என்று வருகிறது. லூக்காவை அதோடு சேர்த்து வாசிக்கவேண்டும். பெற்றோருக்குக் கொடுக்கவேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது காணிக்கை, என்று சொல்லித் தப்பித்தவர்களை மாற்கு 7இல் இயேசு கடுமையாகக் கண்டித்தார். சிலுவையில் தொங்கும்போதும் தாயை ஒரு சீஷன் வசம் ஒப்படைத்தார்.

ஆனால் இயேசுவா அப்பாவா என்று முட்டும் இடம் ஒன்று வரத்தான் செய்கிறது. நம் வீடுகளில் அது பெரும்பாலும் கல்யாணப் பேச்சில் வருகிறது. “நாங்க கேக்கல, பொண்ணுக்கு அவங்களா போடுறது” என்று வரதட்சணையை வேறு பேரில் வாங்குவதற்கு மகன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெற்றோருக்குக் கீழ்ப்படிதல் ஆகாது. அது 1961 முதல் சட்டப்படியும் குற்றம். தம்பி, பேச்சு தொடங்குவதற்கு முன்பே, மரியாதையாக, அப்பாவின் முகத்தைப் பார்த்து, “நகை, பணம், கார் எதுவும் வேண்டாம்” என்று சொல்லிவிடு. நிச்சயதார்த்தம் முடிந்தபின் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

சாதி பார்த்துக் கல்யாணம் பண்றது தப்பா? நாங்க யாரையும் கேவலமா நினைக்கல, பழக்கவழக்கம் ஒத்துப்போகணும்னுதான்.

தப்பு என்று நினைக்கிறேன். இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை.

கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். அந்தியோகியாவில் யூதரான பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யூதர் சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். யாரையும் திட்டவில்லை, எந்த உபதேசத்தையும் மாற்றவில்லை, இலையை மட்டும் மாற்றிப் போட்டார். அதையே பவுல் ‘சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்ற’ நடை இல்லை என்று எல்லார் முன்பும் கண்டித்தார். பவுலுக்கு அது சுவிசேஷம் சம்பந்தப்பட்ட காரியம். பேதுருவின் காரணமும் ‘பழக்கவழக்கம்’ என்றுதான் சொல்லப்பட்டிருக்கும்.

நம் சரித்திரம் இதில் வேதனையானது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடுவதற்குப் பதில் சபையை விட்டார்கள். வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. செங்கல் சுவர் போய்விட்டது. தனித்தனிக் கல்லறைத் தோட்டம் இன்றும் சில ஊர்களில் இருக்கிறது. சபைத் தேர்தல் வந்தால் யார் யார் பக்கம் என்று எல்லாருக்கும் தெரிகிறது. அசன விருந்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கிறது. அதே வாரம் மணமகள் தேவை விளம்பரத்தில் சாதியை எழுதிக் கொடுக்கிறோம்.

மற்ற எல்லாம் மாறியபின்பும் சாதி உயிரோடு இருக்கும் இடம் கல்யாணம்தான். அதனால் அங்கே கை வைக்காமல் “நான் சாதி பார்ப்பதில்லை” என்பதற்கு அர்த்தம் இல்லை. சொந்த சாதிக்குள் கல்யாணம் ஆனவர்களைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. நம் பெற்றோர் எல்லாரும் அப்படித்தான். இனி பிள்ளைகளுக்குப் பார்க்கும்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பிள்ளை வேறு சாதியில் ஒரு விசுவாசியைக் கொண்டுவந்து நிறுத்தினால், ஊர் என்ன சொல்லும் என்ற பயம் பேதுருவுக்கு வந்த அதே பயம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் குடிச்சுட்டு அடிக்கிறார். “இது உன் சிலுவை, சுமந்துக்கோ”ன்னு சபையில சொல்றாங்க.

அப்படிச் சொன்னவர்கள் தவறாகச் சொன்னார்கள். லூக்கா 9:23இல் வரும் சிலுவை இயேசுவைப் பின்பற்றுவதற்காக ஒருவர் தானாக எடுத்துக்கொள்வது. குடிகாரன் கையில் அடி வாங்குவதற்கு அந்தப் பேர் கிடையாது. கல்லெறிய வந்தவர்களை விட்டு இயேசுவே விலகிப் போனார். தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியே இறக்கித் தப்ப வைத்தார்கள். எருசலேமில் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது அவர் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லிச் சட்டத்தின் உதவியைக் கேட்டார்.

அக்கா, பிள்ளைகளோடு பத்திரமான இடத்துக்குப் போங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேசுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. மன்னிப்பதும் அதே வீட்டுக்குத் திரும்புவதும் வேறு வேறு. மன்னிப்பு உங்கள் மனதில் நாளாக நாளாக நடக்கலாம். திரும்பிப் போவதற்கு அவர் மாறியிருக்கிறார் என்பது வெளியே தெரியவேண்டும்.

ஆபீஸ்ல சுவிசேஷம் சொல்லலைன்னா சீஷன் இல்லையா?

யாராவது காரணம் கேட்டால் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று 1 பேதுரு 3:15 சொல்கிறது. ‘கேட்டால்’ என்பதைக் கவனியுங்கள். கேட்கத் தோன்றும்படி வாழ்வது முதல் வேலை. கேட்டபின் வெட்கப்பட்டு மழுப்பாதீர்கள்.

அடுத்தவர் தெய்வத்தைக் கேலி செய்து பேசுவது சாட்சி ஆகாது. எபேசுவில் பவுல் வருஷக்கணக்காகப் பேசினார். கலகம் வந்தபோது அந்த ஊர்ச் சம்பிரதியே (நகர எழுத்தரே), இவர்கள் நம் தேவியைத் தூஷிக்கவில்லை என்று சாட்சி சொன்னான் (அப். 19:37). முகநூலில் சண்டை போடும் தம்பிகள் இதை மனதில் வைக்கவேண்டும்.

பிரசாதம் கொடுத்தா வாங்கலாமா? ஆயுத பூஜைக்கு நிக்கலாமா?

சபைகள் ஒன்றுக்கொன்று வேறுபடும் இடம் இது. 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை பவுல் மூன்று நிலைமைகளைப் பிரிக்கிறார். படைக்கும் பந்தியிலேயே பங்கெடுப்பது கூடாது. கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம். ஒருவர் வீட்டுக்கு அழைத்தால் வைத்ததைச் சாப்பிடலாம். ஆனால் ‘இது படைத்தது’ என்று ஒருவர் சொன்னால், அவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடவேண்டும்.

ஆயுத பூஜையில் மெஷினைத் துடைக்க, இடத்தைக் கூட்ட, எல்லாரோடும் சேர்ந்து வேலை செய்யுங்கள். தட்டை எடுத்துத் தீபாராதனை காட்டச் சொன்னால் மென்மையாக விலகிக்கொள்ளுங்கள். பிரசாதத்தை “மன்னிச்சுக்குங்க அண்ணே, நான் சாப்பிடுறதில்ல” என்று சிரித்த முகத்தோடு சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள். முகத்தைச் சுளித்துக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வதுதான் காயப்படுத்துகிறது.

திரும்பத் திரும்ப அதே பாவத்துல விழறேன். சில நாள் தேவன் இருக்காரான்னே சந்தேகம் வருது. நான் சீஷனே இல்லையோ?

மத்தேயு 28இல் “சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள்” என்ற கட்டளைக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன வரி இருக்கிறது: அவரைக் கண்டு பணிந்துகொண்டவர்களில் சிலர் சந்தேகப்பட்டார்கள். இயேசு அவர்களைப் பிரித்து நிறுத்தவில்லை. அதே கூட்டத்திடம்தான் அந்த வேலையைக் கொடுத்தார். மூன்று தரம் மறுதலித்த பேதுருவிடம், “என்னை நேசிக்கிறாயா” என்று மூன்று தரம் கேட்டு ஆடுகளை ஒப்படைத்தார். 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, அதுவும் ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது.

விழுந்து எழுவது வேறு, ரெட்டை வாழ்க்கை என்று தீர்மானித்து வாழ்வது வேறு. அந்த வித்தியாசம் உங்களுக்கே தெரியும். விழுகிறவர் என்றால், நம்பிக்கையான ஒரே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள் (யாக்கோபு 5:16). மறைத்து வைக்கும்வரை அதன் பிடி தளராது.

சர்டிபிகேட்ல ‘இந்து’ன்னு இருக்கு. மாத்தினா எஸ்சி சலுகை போயிடும். ஞானஸ்நானம் எடுக்கலாமா?

முதலில், இதைக் கேட்காதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி நிலையை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரானவர் அதை இழக்கிறார். மதம் மாறியதால் தெருவில் யாரும் அவரை வேறு மாதிரி நடத்துவதில்லை. சபைக்குள்ளேயே நிலைமை என்ன என்று மேலே எழுதியிருக்கிறேன். எனவே சலுகை இழக்காத நாம் இவர்களை ‘ரெட்டை வேஷம்’ என்று பேச நமக்கு வாய் இல்லை.

கேட்கிறவருக்கு: 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு சலுகைக்காக மட்டும் இந்து என்று கோருவதை ஏற்க மறுத்தது. சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும், பொய்யான வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவதை இயேசுவின் சீஷனுக்குச் சரி என்று என்னால் சொல்ல முடியாது. அதேசமயம் அவசரப்பட்டு ஞானஸ்நானம் எடுங்கள் என்று நெருக்கவும் மாட்டேன். விலை என்ன என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்கச் சொன்னவர் அவரேதான் (லூக்கா 14:28). எடுத்தால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் என்ன கிடைக்கும், பிள்ளையின் படிப்புக்கு என்ன ஆகும் என்று விசாரியுங்கள். அப்புறம் உங்கள் போதகரிடமும் சபைக் கமிட்டியிடமும் போய், “நான் இதை இழக்கிறேன், நீங்கள் என்ன செய்வீர்கள்” என்று கேளுங்கள். கோபுரத்துக்கு விளக்குப் போடும் பணத்தில் ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டாத சபைக்கு இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்.

நான் மட்டும்தான் வீட்ல கிறிஸ்தவன். அப்பா இறந்தா கொள்ளி வைக்கலாமா?

“மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்” என்ற வசனத்தைச் சிலர் இந்தப் பிள்ளைகள் மேல் எறிகிறார்கள். லாசருவின் கல்லறையில் கண்ணீர்விட்டவர் சொன்ன வார்த்தையை, அப்பாவின் சாவுக்குப் போகாதே என்ற அர்த்தத்தில் பயன்படுத்தக்கூடாது. இஸ்ரவேலின் தேவனை நம்பிய சீரியப் படைத்தலைவன் நாகமான், தன் எஜமானுக்குக் கைகொடுத்து ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோயிலில் குனியவேண்டி வருமே என்று கலங்கியபோது, தீர்க்கதரிசி எலிசா “சமாதானத்தோடே போ” என்றார் (2 இராஜாக்கள் 5). எல்லாவற்றுக்கும் அனுமதி என்று இதற்கு அர்த்தம் இல்லை. இக்கட்டில் நிற்பவனை தேவனுடைய மனிதர் எப்படி நடத்தினார் என்பதைப் பாருங்கள்.

கொள்ளி வைப்பதே சடங்கு, கூடாது என்பவர்கள் உண்டு. தகனம் செய்யத் தீ வைக்கும் கடைசிப் பணிவிடை அது, மகன் செய்யலாம் என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம். பிண்டம் வைப்பது, மந்திரம் சொல்வது, திதி கொடுப்பது ஆகியவை வழிபாடு. அவற்றைத் தம்பியோ பங்காளியோ செய்யட்டும். பாடை தூக்குங்கள், சுடுகாடுவரை நடங்கள், அம்மா பக்கத்தில் இருங்கள். இதையெல்லாம் சாவு வீட்டில் வைத்துப் பேசமுடியாது. அப்பா நன்றாக இருக்கும்போதே அவரிடமும் தம்பியிடமும் எதைச் செய்வீர்கள், எதை விடுவீர்கள் என்று பணிவாகச் சொல்லிவையுங்கள். பதினாறாம் நாள் காரியச் செலவில் உங்கள் பங்கைத் தம்பி கேட்குமுன் கொடுத்துவிடுங்கள். சாப்பாட்டுச் செலவுக்கு என்று சொல்லிக் கொடுத்தால் இரண்டு பக்கமும் மனக்குறை இருக்காது.